குழல்வாய்க்கு முன்னே நின்றவர்

மொன்ட்ரியாலில் ஓர் அருங்காட்சியகத்தில் ஜெர்மன் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்று, குழல் தாழ்ந்து ஆள் உயரத்தில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால், நரைத்த மீசைக்காரரான யாழ்ப்பாணத்துக் காவலாளி குழல்வாயை மார்பால் மறைத்து நிற்பார். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த எனக்கு அது வீம்பாகப் பட்டது.

"இது பிளேனைச் சுடறதுதானே அண்ணா?"

"ஓம் தம்பி. எட்டுக் கிலோமீட்டர் உயரத்தில போய் வெடிக்கும். குழலைக் கீழ பதிச்சால் டாங்கியையும் துளைக்கும்." குரல் மாறவில்லை. "எங்கட ஊரில ஆமிக்காரர் இதைப்போல ஒண்டைப் பதிச்சுத்தான் சனத்துக்கு அடிச்சவங்கள். தங்கச்சியில இடுப்புக்குக் கீழதான் மிச்சம். அதைத்தான் புதைச்சனாங்கள்."

"இந்தக் குழலை ஈயம் ஊத்தி அடைச்சிருக்காங்களே" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அவர் போய்க் குழல்வாய்க்கு முன்னே நின்றுகொண்டார்.