கரகம் விழுந்த அன்று அப்பா சிரித்தார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் இரண்டு என் வயிற்றில் பிறக்காதவை. அதற்காக அதுகள் தட்டில் ஒரு பிடி சோறு குறைந்ததில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிப்பேன், என் படிப்பு அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இதைச் சொல்லக் காரணமே அவள்தான்.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எல்லாரையும் போல விடியுமுன் எழுந்து, எல்லாரையும் போல வெட்டுவார். பால் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் மரத்தடியில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போவார். வடிந்த பால் மங்குக் கிண்ணத்திலேயே கட்டிக்கொள்ளும். தவறணைக் கள்ளை நாக்கில் வைத்தறியாத மனிதரை, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும் கங்காணி கேட்பார்: "நேத்து எவ்வளவுடா ஊத்துன?"

அந்தப் பேரைக் கழுவத்தான் அப்பா மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுக்கிறேன் என்றார். குடிக்கிறவன் கரகத்தைத் தொடமாட்டான். ஆற்றிலிருந்து கோயில்வரை சுமந்துவிட்டால் அம்மனே சாட்சி, அதற்குமேல் எவன் வாய் திறப்பான்? கங்காணிதான் கோயில் தலைவரும். அவருக்கு மனமில்லை. ஆனால் ஒரு மாத விரதத்துக்கு வேறு யாரும் முன்வரவில்லை, பாவம், பக்தி நிறைந்த ஊர்.

என் தாய்மாமா பெரிய கோமாளி. கங்காணி மாதிரி நடக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்: வயிற்றை முன்னால் தள்ளி, கையைப் பின்னால் கட்டி, இரண்டு அடிக்கு ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொண்டு. ஊர்வலம் பாதி வழி வந்தபோது என் காதில் சொன்னார், "அப்பா வாடிப்போயி வராரு பாப்பா. முன்னால போயி அந்த நடைய நடந்து காட்டுலா." எனக்கு ஒன்பது வயது. நடந்தேன்.

அப்பா பார்த்தார். உதடு விரிந்தது. அப்புறம் முகமே தளர்ந்து தொங்கியது, முட்டி மடங்கியது. கரகம் கல்லில் விழுந்து உடைந்தது. மேளம் நின்றது.

கங்காணி குனிந்து அப்பா வாயை மோந்து பார்த்தார். பட்டினி வாடை அல்லாமல் அங்கே என்ன இருந்திருக்கும்? அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "குடிகாரன்கிட்ட குடுத்தா இப்படித்தான்" என்றார். அந்த மூக்குக்கு உண்மை தெரியும். நடக்கச் சொன்ன மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா கண் திறந்தே இருந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். விரலும் அசையவில்லை, நாக்கும் அசையவில்லை. ஒரு நிமிஷம் இருக்குமா, இருக்காது. அவர் எழுந்து உட்கார்ந்து, "நான் குடிக்கலண்ணே" என்று சொல்வதற்குள் தீர்ப்பு முடிந்திருந்தது. அதன்பிறகு கோயிலில் எங்கள் தேங்காயைக் கடைசியாகத்தான் உடைத்தார்கள்.

நான் சிரிக்கவைத்ததால்தான் விழுந்தார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அப்பா முன்னால் ஒரு வேடிக்கை பேசியதில்லை. அவர் பார்த்தால் முகத்தை இறுக்கிக்கொள்வேன். அவர் சாகும்வரை அப்படித்தான். மகளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்.

போன மாதம் பேத்தியை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வகுப்பில் தூங்குகிறாள் என்று ஆசிரியை வெளியே நிறுத்தினாராம். எந்நேரமும் கைப்பேசி, அதான் தூக்கம் என்று என் மகனும் திட்டினான். டாக்டர் சின்னப் பெண். "சிரிக்கிறப்ப முட்டி மடங்குதாம்மா?" என்று கேட்டாள். பேத்தி தலையாட்டினாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அது ஒரு நோயாம். தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்துவைக்க மூளையில் இருக்கவேண்டிய ஏதோ ஒன்று குறைந்துபோகுமாம். சிரிப்பு வந்தால், சந்தோஷம் வந்தால் உடம்பு தளர்ந்துவிடுமாம். மாத்திரை இருக்கிறது, பகலில் கொஞ்சம் தூங்க விடவேண்டும் என்றாள். இவ்வளவுதானா? இதற்கா ஒரு மனிதரைத் தெருவில் மோந்து பார்த்தார்கள்?

கங்காணி செத்துவிட்டார். தோட்டத்தை அழித்து வீடு கட்டிவிட்டார்கள். போய்க் கேட்க ஆளில்லை. திட்டிய மகனிடம் நியாயம் கேட்டேன், பிள்ளையை வெளியே நிறுத்திய பள்ளிக்கூடத்துக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அப்பாவைக் கீழே தள்ளியது நான் செய்த தப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் அவருக்கு வந்த சந்தோஷம்.

எழுதிட்டியா கண்ணு? எங்க, மொதல்லேர்ந்து படிச்சிக் காட்டு. நடுவுல கண்ணு சொக்குனா சொக்கட்டும், நான் எங்கயும் போகல. கங்காணி நடக்குற எடம் வந்தா நானே எந்திரிச்சு நடந்து காட்டுறேன். நீ நல்லா சிரி. விழுந்தா நான் புடிச்சிக்கிறேன்.