ஆறு மில்லிவோல்ட்

வல்லத்திராக்கோட்டையில் கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்த திலகவதிக்கு நான்கு வருடங்களாக ஒரே ஆராய்ச்சி. காசளவு வில்லையின் மேல், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சிர்கோனியா என்ற பீங்கான் படலத்தைப் பூசிச் சுட வேண்டும். எரிபொருள் கலத்தில் அந்தப் படலத்துக்கு ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்று. ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் வோல்டேஜ் படுத்துவிடும். அறுபத்திரண்டு படலங்கள் விரிசல் விட்டன.

அறுபத்து மூன்றாவது நின்றது. எண்ணூறு டிகிரி உலைக்குள் 1.1 வோல்ட். திலகவதிக்கு அழுகையே வந்துவிட்டது.

காலை பதினோரு மணிக்கு ஹைட்ரஜனை அடைத்து, நைட்ரஜனால் அது வந்த குழாயைக் கழுவி, அதன் வாயைத் திறந்து வைத்தாள். இப்போது இரண்டு பக்கமும் காற்று. வித்தியாசம் இல்லாததால் மீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றது. பிறகு ஆறு மில்லிவோல்ட் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"மலையாண்டி அண்ணே, குழாய்கிட்ட நிக்கிறீங்களா?"

"நான் இங்கிட்டுல்ல இருக்கேன்," என்றார் ஆய்வக உதவியாளர், வாசலிலிருந்து.

கணக்குப் போட்டாள். ஆறு மில்லிவோல்ட் என்றால் அந்தப் பக்கக் காற்றில் ஆக்சிஜன் பதினாறு சதவீதம்தான்; வெறுங்காற்றில் இருபத்தொன்று இருக்கும். குனிந்து குழாய்க்குள் ஊதிப் பார்த்தாள். அதே ஆறு. மனிதர் விடும் மூச்சு.

எட்டிப் போய் நின்றாள். மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"யாரு?" என்றாள்.

எண் ஆறிலேயே நின்றது, மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல இறங்கியது.

"அமத்திருங்க தாயி, வேணாம்," என்றார் மலையாண்டி.

"சட்டுன்னு அமத்துனா படலம் வெடிச்சிரும்ணே."

நிமிடத்துக்கு இரண்டு டிகிரியாக உலையை ஆற விட்டாள். இருவரும் சாப்பிடப் போகவில்லை. இரண்டரை மணிவாக்கில் சூடு நானூறுக்கு இறங்கியபோது துடிப்பு மங்கி நின்றது. அதற்குக் கீழே படலம் வேலை செய்யாது. நின்றது படலமா, மூச்சா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"கதவுக் காத்தா இருக்கும்மா," என்றார் மறுநாள் விஷயத்தைக் கேட்ட பேராசிரியர். "வில்லைய ரெண்டா ஒடச்சு, நுண்ணோக்கில படம் எடுத்துரு."

திலகவதி இடுக்கியை எடுத்தாள். கை வரவில்லை. அடுத்த வாரம் புதிதாகச் சுட்ட வேறொரு வில்லையை உடைத்துப் படம் எடுத்து, ஆய்வேட்டை முடித்தாள். அறுபத்து மூன்றாவது கைதவறி நொறுங்கிவிட்டதாகச் சொன்னாள்.

இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அந்த வில்லை அவளுடைய அரிமளத்து வீட்டு அலமாரியில், பஞ்சுக்குள் முழுசாக இருக்கிறது. மறுபடி அதைச் சூடேற்ற அவளுக்குத் துணிவு வரவில்லை.