இரண்டு துண்டு டேப்

இந்தப் பழைய நோட்டில் வரிசையாக ஒட்டியிருக்கும் செல்லோ டேப் துண்டுகளைப் பார்த்தால் எனக்கு முதலில் பஸ்தான் ஞாபகம் வருகிறது. லேசர் எதிலும் நிற்காது என்று நம்பிய ஆள் நான். புத்தலப்பட்டில் சகலையும் நானும் போட்ட ஷெட்டில், தகடு வெட்டும் லேசர் மெஷினை முதன்முதலாக ஓடவிட்ட அன்று, அந்த ஒளி தகட்டை அறுத்து, சுவரையும் துளைத்து, சாலையில் வரும் திருப்பதி பஸ்ஸை இரண்டாகப் பிளக்கப்போகிறது என்று வெளியே ஓடிக் கை காட்டினேன். பஸ் நின்றது. கண்டக்டர் "எக்கடிகி?" என்றார். எங்கேயும் இல்லை என்றேன். அதற்கு அவர் தெலுங்கில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சகலை சிரித்துச் சிரித்துத் தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அது கீழ பாத்துகினு கீது சகல. அறுத்தா பூமாதேவியத்தான் அறுக்கும்." என் மனைவியின் அக்காள் கணவர் அவர். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஆறு வருடம் லேசர் மெஷின் ஓட்டியவர். அங்கேயே தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நிம்மதியாக இருந்த என்னை, "ரெண்டு பேரும் சேந்து சொந்தமா போடலாம் வா" என்று வேலையை விடவைத்தவர். மெஷினின் செட்டிங்கை மாற்றும் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும். "உனுக்குத் தெரிஞ்சா பயத்துல எதுனா அமுக்கிடுவ" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

என் வேலை டேப். தினமும் காலையில் ஒளி வெளிவரும் நாசிலின் வாயில் டேப்பை ஒட்டி ஒரு நொடி லேசரை அடித்தால், ஊசிமுனை அளவு ஓட்டை விழும். அது நடுவில் விழுந்தால் சரி. ஓரமாக விழுந்தால் நாசில் எங்கோ இடிபட்டிருக்கிறது. டேப்பை எடுத்து நோட்டில் ஒட்டிவைப்பேன். "இன்னா, கல்யாண ஆல்பமா?" என்பார் சகலை.

திருப்பதியில் ஓட்டல் சமையல் மேடைகள் செய்யும் முதலாளி ஒருவர் மாதிரி பார்க்க வந்தார். அவர் வேலை கிடைத்தால் ஷெட் நிற்கும். இல்லையென்றால் நான் மறுபடி பிரஸ் ஷாப் வாசலில் நிற்க வேண்டும். "நீ வாசல்ல போயி தேங்கா ஒடச்சிட்டு வா சகல, உன் கை ராசி." உடைத்தேன். உள்ளே பூ இருந்தது. துள்ளிக்கொண்டு வந்தேன். சகலை மாதிரிக்கு வெட்டிய எவர்சில்வர் தகட்டின் அடியில் ரம்பப்பல் மாதிரி பிசிறு. முதலாளி விரலால் தடவி, "பாகலேதய்யா", நன்றாக இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டார். சகலை என்னைக் காட்டினார்: "இவுரு நாசில இடிச்சிட்டாரு சார்."

இடித்தேனா? எனக்கிருந்த பயத்துக்கு இடித்திருப்பேன் என்றே தோன்றியது. கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சமாதானம் செய்து வருவதாகச் சொல்லி, சகலை முதலாளியின் காரிலேயே ஏறிப் போனார். தனியாக ஒரு டேப் அடித்துப் பார்த்தேன். ஓட்டை நட்டநடுவில். டேப் பழசு போல என்று புது ரோல் பிரித்தேன். அதிலும் நட்டநடுவில். டேப்பைச் சந்தேகப்பட்டேனே தவிர, சகலையைச் சந்தேகப்படவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் மெஷினின் பதிவைத் திறந்து பார்த்தார். "நாசில்ல ஒண்ணும் இல்ல சார். ஃபோகஸை நாலு மில்லிமீட்டர் இறக்கியிருக்காங்க, அதான் பிசிறு. மாதிரி காட்டின அன்னிக்குக் காலைல ஒன்பது பத்துக்கு, பாஸ்வேர்டு போட்டு." ஒன்பது பத்துக்கு நான் வாசலில் தேங்காய்ச் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த முதலாளி திருப்பதியில் சொந்தமாக லேசர் மெஷின் போட்டார். அதை ஓட்டுபவர் சகலை. நான் பிரஸ் ஷாப்புக்குத் திரும்பிவிட்டேன். வீட்டு விசேஷங்களில் பார்த்தால் இன்றும் "இன்னா சகல, பஸ்ஸு நின்னுச்சா?" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும்தான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு துண்டு டேப். இரண்டிலும் ஓட்டை நடுவில்தான் இருக்கிறது.