லிப்ட் நிற்காத ஏழாம் மாடி

ரப்பர் செலிப்பர்களைப் பக்கத்து வீட்டு அக்கா கையில்தான் மாட்டிக்கொள்வார். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவர். ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் லிப்ட் தரைத்தளம், ஐந்தாம் மாடி, ஒன்பதாம் மாடி ஆகிய மூன்றில் மட்டும்தான் நிற்கும். அப்படித்தான் கட்டினார்கள், புண்ணியவான்கள். எங்கள் இரண்டு வீடும் ஏழாம் மாடியில். விடிந்ததும் அக்கா செலிப்பர்களை உள்ளங்கையில் கோத்து, உட்கார்ந்தபடியே படிப்படியாக இரண்டு மாடி இறங்குவார். ஐந்தாம் மாடிக் கம்பியில் பூட்டியிருக்கும் சக்கர நாற்காலியில் ஏறிக் குண்டெறியும் பயிற்சிக்குப் போவார். எண்பதுகளின் நடுவில், வெளிநாட்டில் நடந்த ஊனமுற்றோர் போட்டியில் நாட்டுக்காகக் குண்டெறிந்து ஒரு வெண்கலப் பதக்கம் வாங்கி வந்தார். மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். அன்றைக்கும் வீட்டுக்கு அவர் படியில்தான் ஏறினார்.

அடுத்த வாரமே என்னிடம் வந்தார். நான் அப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை. பிளாக்கில் யார் அரசாங்கத்துக்கு மலாயில் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் நான்தான். “பதக்கத்தக் காட்டுனா இப்ப கேப்பாங்க தம்பி. அது பழசாகுறதுக்குள்ள கேட்டுரணும்” என்றார். எல்லா மாடியிலும் லிப்ட் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக மாடி மாடியாக உட்கார்ந்தே ஏறிக் கையெழுத்து வாங்கியிருந்தார். பதினோராம் மாடியில், சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கீழே இறங்கவே இறங்காத சாப்பாட்டுக்கடை மாமாதான் முதல் கையெழுத்து. “எனக்குன்னு கேக்காத லா. பிளாக்குக்குக் கேளு. கெஞ்சி எழுதாத” என்று அக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நான் கெஞ்சித்தான் எழுதினேன். கிராணி புத்தி. காரியம் ஆக வேண்டுமானால் கழுதையின் காலையும் பிடிக்க வேண்டும் என்று ஊறிப்போன புத்தி. ‘இந்த ஏழை ஊனமுற்ற பெண்ணின் மீது கருணை கூர்ந்து’ என்று தொடங்கினேன். கும்பலாகக் கேட்டால் எதிர்க்கட்சிக்காரன் வேலை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள் என எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துத் தாள்களை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், மலாய்க் கடிதம் வாசிக்க வராது. நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மலாய் நன்றாகப் பேசுவார் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

இரண்டே மாதத்தில் பலன் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு, ஒரு பெரிய மனிதர் ஒலிபெருக்கியில் என் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். ஏழை, கருணை, கண்ணீர் எல்லாம் வந்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் கழுவ முடியவில்லை. அவருக்கு மட்டும் தரைத்தளத்தில் ஒரு வீடு என்று சொல்லிச் சாவியை நீட்டினார்கள். வாங்கிய சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “நான் வீடு கேக்கல. லிப்ட் நிக்கணும்னு கேட்டேன்” என்று மலாயில் சொன்னார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள்.

நான் எழுந்து, ‘கடிதத்தை மாற்றியது நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட அண்டை வீட்டாரே அவரை நன்றி கெட்டவள் என்றார்கள். அடுத்த போட்டிக்கு அணியில் அவர் பெயர் இல்லை, வாய் நீளமாம். பதினோராம் மாடி மாமா மறு வருஷம் கீழே இறங்கினார், பாடையில். இன்று அந்தக் கட்டடத்தில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது. திறந்து வைத்தவர் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அக்கா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அக்கா வேறு யாரையோ பிடித்து மறுபடியும் மனுப் போட்டிருக்கிறார். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். வேறு யாரிடமும் போகவில்லை. உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே உறையை நீட்டி, “இந்த வாட்டி உள்ளத உள்ளபடி படி தம்பி” என்றார்.

விண்ணப்பதாரர் கேட்ட உதவி ஏற்கெனவே வழங்கப்பட்டது, அவரே அதை மறுத்துவிட்டார், எனவே கோப்பு மூடப்படுகிறது என்று எழுதியிருந்தது. ஆதாரமாக என் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். அதையும் படிக்கச் சொன்னார். படித்தேன்.