படத்தில் விட்டுப்போன குரல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

சேரன்மகாதேவியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷாவருஷம் நாடகம் உண்டு. அடுத்த தெருவில் இருந்த என் சின்ன வயசுக் கூட்டாளி, என் அப்பாவின் கதையை நாடகமாக எழுதினான். அரிசி ஆலையில் வேலை போன அன்று அப்பா வழக்கம்போல வீட்டுக்கு வந்து, தூக்குச்சட்டியை ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சி அதுதான். அப்பா வேஷம் எனக்கு. வசனம் இல்லாததால் என்னால் நடிக்க முடிந்தது. திரை விழும்போது ஆலையில் வேலை பார்த்தவர்கள் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள்.

கூட்டாளி சென்னைக்குப் போய் இயக்குநரானான். அந்த நாடகத்தையே படமாக எடுத்தான். அப்போது அப்பா உயிரோடு இல்லை. அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். படத்திலும் அதே ஆலை, அதே தூக்குச்சட்டி. ஆனால் வேலை போனவர் நேரே சாராயக்கடைக்குப் போகிறார். சைக்கிளில் ஏற முடியாமல் உருட்டிக்கொண்டு வருகிறார். விளக்குக் கம்பத்துக்குக் கும்பிடு போடுகிறார். அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். தியேட்டரே சிரித்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

என் அப்பா வெற்றிலைகூடப் போடாதவர். கம்பத்தைக் கும்பிட்டது கூட்டாளியின் அப்பா. எங்கள் ஊருக்கே தெரியும். தன் வீட்டு அசிங்கத்தை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டான்.

வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியுமா? என் மகளைப் பெண் கேட்டு வந்தவர், "அந்தப் படம் ஒங்க அப்பா கதைதானாமே அண்ணாச்சி? ரொம்பக் குடிப்பாகளோ?" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கூட்டாளியிடம் போனில் கேட்டேன். "ஏலே, சினிமான்னா சனம் சிரிக்கணும்டே. சும்மா ஒக்காந்திருக்கவர எவன் பாப்பான்?" என்றான்.

போன கொடைக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர். பழைய நாடகத்தையே போடச் சொன்னான். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மாலை வாங்கியவர் மங்களம் பாடும்வரை முன்வரிசையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் அம்மனுக்கு ஆகாது. அதை நினைத்துத்தான் நடிக்கச் சம்மதித்தேன்.

கடைசிக் காட்சியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு மேடையேறினேன். கம்பத்துக்குக் கும்பிடு, அடுத்த வாசலில் செருப்பு, எல்லாம் படத்தில் உள்ளபடியே. கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு, படத்தில் அவன் விட்டுவிட்டதைச் சேர்த்தேன். அவன் அப்பா தினமும் தெருமுனையிலிருந்து மகனைக் கூப்பிடும் குரல் அது.

"ஏ தொரை, கதவத் தொறடே. ஒங்கப்பன் வந்திருக்கேன்."

சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "அவங்க அப்பனேதான் வே, அச்சு அசல்" என்றார். மறுபடியும் சிரிப்பு, இந்த முறை எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் மாலையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான்.

மங்களம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தான். "ஏம்ல இப்படிச் செஞ்ச? செத்தவர அசிங்கப்படுத்திட்டியே."

"எங்கப்பா மட்டும் உசுரோடயா இருக்காரு?" என்றேன்.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் ஏறினான்.

படத்தை ஊர் உலகமெல்லாம் பார்க்கும். நாடகத்தைப் பார்த்தது ஒரு தெரு. ஆனால் அந்தத் தெருவுக்கு இரண்டு அப்பாக்களையும் தெரியும். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருகிற கொடைக்கும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.

பங்குனி ஒன்பது, வியாழக்கிழமை.