கருப்பையாவின் லீவுப் பாட்டு

சவுண்ட் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் மைக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். நானும் மைக்கைப் பற்றியே பேசித் தப்பித்துக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் மஸ்கட் ரூவியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் சவுண்ட் ரெக்கார்டிஸ்டாக இருந்தேன். கம்பெனியைப் பற்றிப் படம் எடுக்க டெக்லன் என்ற அயர்லாந்துக்காரர் வந்தார். தன் ஊரில் சர்ச் பாடகர் குழுக்களுக்கு இசையமைப்பவர், படமும் எடுப்பார். அவருக்கு முதலில் சத்தம், அப்புறம்தான் கேமரா. சைட்டில் கண்ணை மூடி நின்று நோட்டில் ஸ்வரம் எழுதுவார். அதுவரை கேமராமேன் சிகரெட் பிடித்துக்கொண்டு காத்திருப்பான்.

ஒரு காலையில் கேபிள் இழுக்கும் கேங் பாடியது. முன்பாட்டு பரமக்குடி கருப்பையா. நேரில் சொல்ல முடியாததைப் பாட்டில் போட்டு இழுப்பது அவர்கள் வழக்கம். பாட்டு என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"ஆத்தா படுக்கையில ஐலசா! லீவு கேட்டு மூணு மாசம் ஐலசா! மேனேஜருக்குக் காது இல்ல ஐலசா!"

டேக் முடிந்ததும் கருப்பையா என்னிடம் ஓடி வந்தார்.

"சார், அந்தத் தொரைக்கு நம்ம பாட்டு புடிச்சிருக்கு. அர்த்தம் கேட்டா அப்படியே சொல்லிருங்க சார். அவரு சொன்னா மேனேஜர் கேப்பாரு."

டெக்லன் அர்த்தம் கேட்கத்தான் செய்தார். பக்கத்திலேயே தமிழ் தெரியாத மேனேஜர் நின்றார். என் மனைவி, குழந்தையின் விசா பேப்பர் அவர் மேஜையில் கிடந்தது.

"நல்ல வேலை கொடுத்த கம்பெனிக்கு நன்றி சொல்கிறார்கள்" என்றேன். வாய் கூசவில்லை. மேனேஜர் சிரித்தார்.

டெக்லன் டேப்போடு ஊருக்குப் போய், அந்த மெட்டை நாலு குரலில் பிரித்து, தன் குழுவை வைத்துப் பாட வைத்தார். இரண்டு மாதத்தில் படத்தோடு திரும்பினார். ஒரு வெள்ளிக்கிழமை கேம்பில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டோம். திரையில் கேபிள் நகர, நாற்பது வெள்ளைக்காரர்கள் கருப்பையாவின் மெட்டில் ஆங்கிலத்தில் நன்றி பாடினார்கள். அழகாகத்தான் இருந்தது. என்னால்தான் உட்கார முடியவில்லை.

கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எங்க ஆத்தாவுக்காக இத்தன பேரு பாடுறாங்களே சார்! இனி லீவு கெடச்சிரும்ல?"

"கெடைக்கும் கருப்பையா" என்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டெக்லன் நாலடி தள்ளித்தான் நின்றார்.

என் மனைவி, குழந்தையின் விசா அந்த வாரமே வந்தது. கருப்பையாவுக்கு லீவு வரவில்லை. மறு மாதம் அவருக்குத் தந்தி வந்தது. ஆத்தா போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவர் என்னைப் பார்த்தால், "நீங்க உங்களால ஆனதச் செஞ்சீங்க சார்" என்பார்.

சத்தத்தைச் சுத்தமாகப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒருவன் என்ன கேட்கிறான் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். நான் அன்று அப்படி ஒருவனாக இருந்தேன். எனக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.