ஒரு பக்கம் மட்டும் கேட்ட சத்தம்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. வளர்த்தது இரண்டு ஆண் பிள்ளைகளை. அவர்களுடைய அப்பாவையும் சேர்த்துக்கொண்டால் மூன்று. எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுதச் சொன்னால் விரல் மரக்கட்டையாகிவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கயல் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இம்புட்டுப் பேச்சா என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்றாம் வகுப்பில் நான்தான் முதல்.

போன வாரம் வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தோம். பழைய பல்பு டப்பா, உடைந்த மிக்ஸி ஜார் இவற்றுக்கு நடுவே ஒரு ஹெட்போன் கிடந்தது. காதில் படுகிற இடத்துப் பஞ்சு, தொட்டதும் கருப்புத் தூளாக உதிர்ந்தது. வாய்க்கு நேராக ஈர்க்குச்சி மாதிரி ஒரு கம்பி, அதன் நுனியில் மைக்.

"என்னா அப்பத்தா இது? ஹெலிகாப்டர் ஓட்டுறவங்க மாட்டுவாங்களே, அதா?" என்றாள் கயல்.

"ஒங்கப்பன் எனக்கு மாட்டுனது" என்றேன்.

மூக்கருகே கொண்டுபோனேன். ரப்பரும் சூடான தூசியும் கலந்த வாடை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டி இரண்டு மணி நேரம் ஓடினால் இந்த வாடைதான் வீடு முழுக்க அடிக்கும். எனக்கு அது பழகிய வாடை. என் வீட்டுக்காரர் அவனியாபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கருகிய காயிலும் வார்னிஷுமாக அவர் சட்டையிலிருந்து வந்த வாடைக்கு இது தம்பி முறை.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "தொறந்து பாக்க முடியாத சாமான வாங்காத. பாக்க விடாம விக்கிறவன் எதையோ ஒளிக்கிறான்" என்பார். எங்கள் கல்யாணத்துக்கு என் தாய்மாமன் கொடுத்த ரேடியோவை அன்று சாயங்காலமே திறந்து பார்த்தார். அதன் பிறகு அது ஒரே ஒரு ஸ்டேசனைத்தான் எடுத்தது, அதுவும் மழை நாளில். கொள்கைக்கு நான் கொடுத்த முதல் விலை அது.

பெரியவன் மார்க்கு எடுத்தான். சின்னவன் ஸ்க்ரூடிரைவர் எடுத்தான். பெரியவன் இஞ்சினியருக்குப் படித்து ஜெர்மனிக்குப் போனான். "ரெண்டே வருசந்தாம்மா, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு நாலானது. நடுவில் வந்து கல்யாணம் முடித்து மருமகளையும் கூட்டிக்கொண்டு போனான். சின்னவன், அதாவது கயலின் அப்பன், கப்பலூரில் ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டு என்னோடு இருந்தான். அவர்கள் அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெரியவன் திரும்பி வந்தால் இருக்க இடம் வேண்டுமே என்று மாடி கட்ட ஆரம்பித்தேன். நானே நின்று கட்டினேன். மருமகள் அந்த ஊரில் பழகிவிட்டாளே என்று உட்காரும் கக்கூஸ், வெந்நீருக்குத் தனிக்குழாய், தெற்கே பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலில் நின்றால் ஏரோப்ளேன் இறங்குவது தெரியும். அது அவர்களை ஏற்றிவரும் ஏரோப்ளேன் என்று நினைத்துக்கொண்டு நானும் சில சாயங்காலம் நின்றிருக்கிறேன்.

அப்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் போன் பேசினால் சொந்த விசயம் தொடங்குவதற்குள் பூத்துக்காரர் மீட்டரைத் திருப்பிக் காட்டுவார். பெரியவன்தான் முதலில் சொன்னான், கம்ப்யூட்டரிலேயே பேசலாம், முகம்கூடப் பார்க்கலாம் என்று. சின்னவன் ஒரு கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்தான். அதில் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டான். திரையில் முதலில் ஒரு பறவை வந்து உட்காரும். பென்குவின் என்றான் அவன். எனக்கு அது தொந்தி போட்ட தாரா, வாத்துதான். கடைசி வரை நான் தாரா என்றுதான் சொன்னேன்.

அண்ணன் தம்பிக்குள் இங்கேதான் முட்டிக்கொண்டது.

"ஊரே வச்சிருக்கிற சாப்ட்வேரப் போடுடா. ஒரு நிமிசத்துல பேசலாம்" என்றான் பெரியவன் போனில்.

"அதுக்கு எங்கிட்ட இருக்கிறதெல்லாம் திருட்டு சிடிதாண்ணே. அதுவும் போக, அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு தொறந்தே காட்ட மாட்டாங்க. இதுல எல்லாருக்கும் காட்டுற மாதிரி செஞ்சது இருக்கு. நான் தேடிப் பிடிக்கிறேன்."

"அப்பா மாதிரியே பேசு. ஒரே ஸ்டேசன் ரேடியோ."

எனக்குப் பெரியவன் பக்கம் பேசத்தான் ஆசை. ஆனால் அடுத்தவன் தோட்டத்து வெண்டைக்காயைத் தொட்டதற்குச் சின்னவனை வேப்பங்குச்சியால் அடித்தவள் நான். திருட்டு சிடியைப் போடு என்று எந்த வாயால் சொல்வேன்?

தேடினான். அந்தத் தேடல் இருக்கிறதே, அது ஒரு தனி வனவாசம். ஒன்றில் சத்தம் வரும், படம் வராது. ஒன்றில் படம் வரும், வந்த படம் அசையாது. ஒன்றைப் போட வேண்டுமென்றால் இன்னொன்று வேண்டும் என்று கேட்கும், அதற்கு வேறொன்று. கல்யாணத்துக்குச் சம்பந்தியை அழைத்தால், சம்பந்தியின் சம்பந்தியையும் அழைத்தால்தான் வருவேன் என்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூரிலிருந்து அவனுடைய கூட்டாளி ஒருவன் பை நிறைய சிடியோடு வருவான். இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தத் தாராவைப் பாடாய்ப் படுத்துவார்கள்.

"மாப்ள, இதுக்கு நடந்தே ஜெர்மனி போயிருந்தா இந்நேரம் ஒங்கண்ணனப் பாத்துட்டு வந்திருக்கலாம்" என்பான் கூட்டாளி.

"ஒனக்கு வச்ச பஜ்ஜிய எடுத்துருவேன். வாய மூடிட்டு அந்த சிடியப் போடு."

"அம்மா, பாருங்க, ஒங்க மகன் பஜ்ஜிய வச்சு மிரட்டுறான்!"

சிரிப்பும் எண்ணெய் வாடையுமாக இருக்கும். அப்போது நான் அதைச் சந்தோசம் என்று நினைக்கவில்லை. பெரியவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கொறிக்கிற பொழுது என்றுதான் நினைத்தேன்.

பிராட்பேண்ட் வந்த புதிதில் ஒன்று கைகூடியது. யாரோ பத்து தேசத்து ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்ததாம். அண்ணனைக் கெஞ்சி அவன் கம்ப்யூட்டரிலும் அதையே போடவைத்தான் சின்னவன். முதலில் பேச்சு, அது சரியானால் கேமரா என்று முடிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர்களுக்கு மத்தியானம், எனக்கு இந்த ஹெட்போனை மாட்டிவிட்டான். நான் அதற்காகத் தலை வாரிப் பூ வைத்திருந்தேன். முகம் தெரியாது என்று தெரிந்தும்தான்.

காதில் கரகரவென்று ஏதோ வந்தது. பிறகு, பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி, என் மூத்த பிள்ளையின் குரல்.

"அம்மா... ஹலோ... அம்மா..."

"அய்யா! நாந்தான்யா! கேக்குதா?"

"ஹலோ... ம்ஹும். ஒண்ணும் வரல."

நான் கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. சின்னவன் ஏதோ வயரைச் சரிபார்க்க மேசைக்கு அடியில் புகுந்திருந்தான். நான் மறுபடி கத்த மூச்சு இழுத்தபோது மருமகள் குரல் கேட்டது.

"இன்னொரு தடவ பாருங்களேன்."

"வேணாம் விடு. நல்லதாப் போச்சு. லைன் கெடச்சிருந்தா இன்னைக்குச் சொல்ல வேண்டியிருக்கும்."

"என்னைக்கிருந்தாலும் சொல்லித்தான ஆகணும்? நாம இங்க வீடு வாங்கியாச்சு. அவங்க அங்க மாடிக்கு டைல்ஸ் ஒட்டிக்கிட்டிருக்காங்க."

"ஒட்டட்டும். அது வரைக்கும் அவங்களுக்கு ஒரு வேல. நாம வரமாட்டோம்னு தெரிஞ்சா தெனம் போன்ல ஒப்பாரிதான். என்னால தாங்க முடியாது."

"தம்பி பாவம்ங்க."

"அவனுக்கென்ன? நாலு எழுத்து ஒழுங்காப் படிச்சிருந்தா அவனும் எங்கயாவது போயிருப்பான். படிப்பு வராதவனாச்சும் பக்கத்துல கெடக்கட்டும். ஆத்தாவப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல."

பிறகு நாற்காலி நகர்கிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம். சோற்றுக்கு உட்கார்ந்தார்கள் போல. குழம்பில் உப்பு கம்மி என்றான். மருமகள் சிரித்தாள். அதையும் கேட்டேன்.

மேசைக்கு அடியிலிருந்து சின்னவனின் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வேலைக்குப் போய் வந்து வெடித்த குதிகால். "என்னம்மா, எதுவும் வருதா?" என்றான் உள்ளிருந்து.

"ஒண்ணும் கேக்கலப்பா" என்றேன்.

பொய்தான். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். அண்ணன் போட்டுக் கழித்த சட்டையைக்கூட ஆசையாகப் போட்டுக்கொள்கிறவனிடம் எந்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன்?

பெரியவன் அப்புறம் போனில் கூப்பிட்டு, "எனக்கும் ஒண்ணும் வரலடா" என்றான். அது உண்மை. மறுநாள் காலையில் மாடி ஏறி, டைல்ஸ் ஒட்டியவர்களை நிறுத்தச் சொன்னேன். ஏனம்மா என்று சின்னவன் கேட்டான். கலர் பிடிக்கவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுட்டது. இரண்டு பக்கமும் கேட்கவில்லை என்றால் கோளாறு நம் பெட்டியில்தான் என்று எடுத்துக்கொண்டு, சின்னவன் அதைக் குடைய ஆரம்பித்தான். ஆடியில் தொடங்கியது, கார்த்திகை வரை விடவில்லை. பாட்டு கேட்கிறது, பேச்சு ஏன் கேட்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டான். அந்த சாப்ட்வேரைச் செய்தவர்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இன்டர்நெட்டில் உண்டு. அங்கே போய், 'என் அம்மாவுக்கு அண்ணன் பேசுவது கேட்கவில்லை' என்று எழுதினான். பார்த்தறியாத மனிதர்கள் பதில் எழுதினார்கள். இதை மாற்றிப் பார், அதை எடுத்துவிட்டுப் பார் என்று. ஒவ்வொன்றாக எனக்குப் படித்துச் சொல்வான். அவனியாபுரத்தில் இருக்கிற ஒருத்தியின் காதில் அவள் மகன் குரல் விழ வேண்டும் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் முயற்சி செய்தார்கள். அந்த மகனோ, விழாமல் இருப்பது நல்லது என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டான். நீங்களே சொல்லுங்கள், இதில் யார் எனக்கு யார்?

அவர்களில் போலந்துக்காரன் ஒருவன். எழுதி எழுதித் தீராது, நானே கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னானாம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சின்னவன் என்னை இழுத்துவந்து ஹெட்போனை மாட்டினான்.

"வணக்கம் அம்மா" என்றது காதில். வழவழவென்று, இட்லியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

சட்டென்று வாயில் வந்துவிட்டது. "வணக்கம்யா ராசா! சாப்ட்டியா?"

அவன் கடகடவென்று சிரித்தான். "வணக்கம், வணக்கம்" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அம்புட்டுதான். அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நானும் கீரை விலையிலிருந்து முழங்கால் வலி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையிடம் பேச வைத்திருந்ததில் பாதியை அவனிடம் கொட்டிவிட்டேன்.

பிறகு அவன் எழுதியதைச் சின்னவன் படித்தான். படித்துவிட்டுத் திரும்பினான்.

"அம்மா, நம்ம பக்கம் மொதல்ல இருந்தே சரியாத்தான் இருந்திருக்காம். அண்ணன் வீட்டு இன்டர்நெட் பெட்டியிலதான் அடைப்பாம். நாம பேசுறதுதான் அங்க போகாது. அங்க பேசுறது இங்க வருமாம்."

"அப்பிடியா."

"அப்ப அன்னைக்கு அண்ணன் பேசுனது..."

"எனக்குக் காது மந்தம்டா."

"இவரு பேசுனது கேட்டுச்சே?"

பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை என்று அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் சொன்னான், "அந்தப் பெட்டியில ஒரு வழியத் தொறந்து விட்டாப் போதும்ணே. அஞ்சு நிமிச வேல." பெரியவன், "பாக்குறேன்டா" என்றான். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இதையெல்லாம் நான் என்னோடு எரிக்கத்தான் வைத்திருந்தேன். ஆனால் போன மாதம் பெரியவன் செல்போனில் முகம் காட்டிப் பேசினான். இப்போதுதான் எல்லார் கையிலும் அது இருக்கிறதே. முடி நரைத்து, கண்ணாடி போட்டு, அவர்கள் அப்பா மாதிரியே இருக்கிறான். பின்னால் அவன் பிள்ளைகள் கையை ஆட்டிவிட்டு ஓடின. அவர்களுக்குத் தமிழ் வராது. பேச்சு வாக்கில் சொன்னான், "தம்பி மட்டும் அன்னைக்கே ஊரே வச்சிருந்ததப் போட்டிருந்தா, நாம எம்புட்டு வருசம் பேசியிருக்கலாம்மா. எல்லாம் இவன் பிடிவாதத்தால போச்சு."

சின்னவன் என் பக்கத்தில்தான் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே, தப்புத்தான்" என்றான்.

அந்தத் தலை குனிந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

மாடியில் இப்போது ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிற ஒரு குடும்பம் குடியிருக்கிறது. பாதி அறைக்கு டைல்ஸ், பாதி அறைக்குச் சிமெண்டு. சமயநல்லூர்க்காரன் சென்னைக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு ஒரு படம் அனுப்புவான், பேசுவதில்லை. அந்த சாப்ட்வேரையே இப்போது யாரும் பார்த்துக்கொள்வதில்லையாம், செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்களாம். வணக்கம் சொன்ன அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறானோ, அவன் பேரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வீட்டில் இப்போது மின்விசிறிச் சத்தம்தான்.

கயல் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அப்பத்தா, இது அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?" என்கிறாள், குரலைத் தாழ்த்தி.

எதுக்கு ஆத்தா குசுகுசுன்னு பேசுற? மொதல்ல இருந்து வாசி. பெரியப்பன் சொன்னத ஒரு வார்த்த மாத்தாம வாசி. நல்லாச் சத்தமா. ஒங்கப்பன் உள்ளதான் இருக்கான்.